பந்து படும் இடம்

1959 ஜனவரி 17. கராச்சியில் காயிதே ஆஸம் கோப்பையின் இறுதியாட்டம். கராச்சி அணியின் விக்கெட் கீப்பர் அப்துல் அஜீஸ் ஆட வந்தார். இருபது வயதைத் தொடாத பையன். எதிரே பந்து போட்டவர் தில்தார் அவான். அவர் வேகப்பந்து வீச்சாளர் இல்லை. ஆஃப் ஸ்பின் போடுகிறவர், அதுவும் மெதுவாக. ஒரு பந்து அஜீஸின் நெஞ்சில், இதயத்துக்கு நேராகப் பட்டது. அவர் விழவில்லை. அடுத்த பந்துக்குத் தயாரானார். அது வருவதற்குள் சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கிரிக்கெட் பார்க்கும் யாரிடமாவது இந்த ஆட்டத்தில் ஆளைக் கொல்லக்கூடிய பந்து எது என்று கேளுங்கள். காதோரம் சீறிக்கொண்டு போகும் பவுன்சரைத்தான் சொல்வார்கள். மெதுவான ஆஃப் பிரேக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் களத்தில் அடிபட்டு இறந்தவர்களின் கதைகளை வரிசையாக எடுத்து வைத்தால், வேகத்தைத் தள்ளிக்கொண்டு வேறு மூன்று கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. பந்து உடம்பில் எந்த இடத்தில் பட்டது? எந்தக் கணத்தில் பட்டது? பட்ட பிறகு பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருந்தது?

இளம் வயதில் போன கிரிக்கெட் வீரர்கள் எல்லோரும் இந்த அத்தியாயத்தில் வரமாட்டார்கள். முதல் டெஸ்டிலேயே 164 ரன் எடுத்த ஆஸ்திரேலியர் ஆர்ச்சி ஜாக்சனை 23 வயதில் காசநோய் கொண்டுபோனது. இங்கிலாந்தின் பென் ஹோலியோக் 24 வயதில் பெர்த் நகரில் கார் விபத்தில் இறந்தார். கொல்கத்தாவில் 2015 ஏப்ரலில் கேட்ச் பிடிக்க ஓடிய 20 வயது அங்கித் கேஷ்ரி சக வீரரோடு மோதி மூன்று நாளில் இறந்தார். அவரவர் கதை அவரவருக்குப் பெரிது. நான் இங்கே எடுத்துக்கொள்வது பந்தையும் உடம்பையும் மட்டும்.

முதலில் பந்து. விதிப்படி அதன் எடை 155.9 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும். நடுவே கார்க், அதைச் சுற்றி இறுக்கிய நூல், மேலே தோல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அது சுமந்து வரும் ஆற்றல் ஏறத்தாழ 120 ஜூல். 80 கிலோமீட்டரில் வரும் சுழற்பந்தில் இருப்பது 40 ஜூல், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 120 ஜூல் தொடையில் பட்டால் கன்றிப்போய்ப் பத்து நாள் வலிக்கும். விலாவில் பட்டால் எலும்பு விரியலாம். ஆனால் சரியான இடத்தில், சரியான கணத்தில் பட்டால் முப்பது ஜூல்கூட ஆளைச் சாய்த்துவிடும். அஜீஸுக்கு நடந்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள முடியும்.

இதயம் சுருங்குவதும் விரிவதும் மின்சாரத்தால். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின் அலை கீழறைகளின் தசை முழுக்கப் பரவுகிறது, தசை சுருங்குகிறது, பிறகு ஒவ்வொரு செல்லும் தன் மின்னூட்டத்தை மீட்டுக்கொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. ஈசிஜி தாளில் கூரான முள் போல எழுவது சுருக்கம். அதற்குப் பின்னால் சின்ன மேடாக வளைகிறதே, டி அலை, அதுதான் இந்த மீட்சி. எல்லாச் செல்களும் ஒரே நொடியில் மீள்வதில்லை. டி அலை ஏறிக்கொண்டிருக்கும் சில மில்லிவிநாடிகளில், பாதிச் செல்கள் தயாராகிவிட்டிருக்கும், பாதி இன்னும் தயாராகியிருக்காது. அந்த நேரம் பார்த்து நெஞ்சில் ஓர் அடி விழுந்தால், தசையின் சவ்வு இழுபட்டு, அதில் உள்ள அயனி வாயில்கள் திறந்து, யாரும் கேட்காத ஒரு மின்தூண்டல் பிறக்கிறது. தயாரான செல்கள் அதை ஏற்கின்றன, தயாராகாதவை மறுக்கின்றன. அலை நேராகப் போக வழியில்லாமல் சுழலத் தொடங்குகிறது. இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கிறது. நடுங்கும் இதயம் ரத்தத்தை அனுப்பாது. பத்துப் பதினைந்து விநாடிக்குள் மூளைக்கு ரத்தம் வற்றி ஆள் நினைவிழக்கிறார்.

மருத்துவர்கள் இதைக் கமோஷியோ கார்டிஸ் என்கிறார்கள். விலா எலும்பு முறிந்திருக்காது, இதயம் கிழிந்திருக்காது, பிரேதப் பரிசோதனையில் தேடினால் ஒன்றும் சிக்காது. அடிபட்டவர்களில் பலர் அந்த இடத்திலேயே விழுகிறார்கள். வேறு சிலர் இரண்டடி நடப்பார்கள், பந்தை எடுத்து எறிவார்கள், பிறகு விழுவார்கள். அஜீஸ் அடுத்த பந்துக்குத் தயாரானது இதனோடு பொருந்திப்போகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் பாஸ்டனில் பணியாற்றிய இதய மருத்துவர் மார்க் லிங்க். அவரும் குழுவினரும் மயக்க மருந்து கொடுத்த இளம் பன்றிகளின் நெஞ்சில் பேஸ்பால் பந்தின் அளவும் எடையும் உள்ள மரப்பொருளை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்தார்கள். இதயத் துடிப்பின் எந்தக் கட்டத்தில் அடி விழ வேண்டும் என்பதைக் கருவியே தீர்மானித்தது. 1998இல் வெளியான முடிவு இது: டி அலையின் உச்சிக்கு 15 முதல் 30 மில்லிவிநாடி முன்னால் விழுந்த 10 அடிகளில் 9, இதயத்தை நடுக்கத்தில் தள்ளின. சற்று முன்னே பின்னே விழுந்த அடிகளுக்கு அந்த வலிமை இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு ஏறத்தாழ 860 மில்லிவிநாடி. அதில் ஆபத்தான சாளரம் 15 மில்லிவிநாடி என்றால் நூற்றில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் கிரீஸில் நிற்பவருக்கு இதயம் 70இல் துடிப்பதில்லை. 130க்கு ஏறினால் ஒரு துடிப்பு 460 மில்லிவிநாடியாகக் குறுகிவிடுகிறது. சாளரம் அதே அளவில் இருந்தால் அதன் பங்கு நூற்றில் மூன்றைத் தாண்டுகிறது. நெஞ்சில் அடி வாங்கிய பேட்ஸ்மேன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நெஞ்சைத் தேய்த்துவிட்டு ஆடப் போயிருக்கிறார்கள். இதயத்துக்கு நேர் மேலே பட வேண்டும், அந்தச் சாளரத்துக்குள் பட வேண்டும், நெஞ்சுக்கூடு வளைந்து கொடுக்கும் இளம் வயதாக இருக்க வேண்டும். மூன்றும் கூடி வருவது அரிது.

இதே குழுவின் பிந்தைய சோதனைகளில் இன்னொன்று தெரிந்தது. இந்த விபத்துக்கு மிகவும் தோதான வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் எலும்புமுறிவு, தசைக்கிழிசல் போன்ற வேறு காயங்கள் கூடுகின்றனவே தவிர, இந்த நடுக்கம் கூடுவதில்லை. மெதுவான ஆஃப் பிரேக் ஒன்று பிட்ச்சில் பட்டு எழும்பும்போது அதன் வேகம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பந்து கெட்டியாக இருந்தால் ஆபத்து கூடும், மிருதுவாக இருந்தால் குறையும் என்பதும் அதே சோதனைகளின் முடிவு. நம் தெருக்களில் டென்னிஸ் பந்தை விட்டுக் கார்க் பந்துக்கு மாறும் பையன்களின் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். நெஞ்சுக் கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. அமெரிக்காவில் கவசம் அணிந்து ஆடிய சிறுவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

2015 ஜூலையில் லண்டனை ஒட்டிய சர்ரே பகுதியில், பிரிட்டனில் வாழும் தமிழர்கள் நடத்தும் லீக் ஆட்டம் ஒன்றில், யாழ்ப்பாணத்து மானிப்பாயின் பெயரைத் தாங்கிய அணிக்காக ஆடிக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் நெஞ்சில் பந்து பட்டு இறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஊர்க்காரர்கள் கூடிப் பேசிச் சிரித்துவிட்டுப் போக வந்த இடம்.

இனி மண்டையோடு. 1870 ஜூனில் லார்ட்ஸில் எம்சிசிக்கும் நாட்டிங்காம்ஷைருக்கும் ஆட்டம். அந்நாளைய லார்ட்ஸ் ஆடுகளம் கல்லும் மேடும் பள்ளமுமாக இருந்து பேர் கெட்டுக் கிடந்தது. ஜான் பிளாட்ஸ் வீசிய பந்து தரையில் பட்டு எகிறி ஜார்ஜ் சம்மர்ஸின் தலையில் அடித்தது. அடுத்து ஆட வந்த ரிச்சர்ட் டாஃப்ட் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். பயந்துதான் சுற்றினாரா, ஆடுகளத்தைக் கேலி செய்யச் சுற்றினாரா என்று இன்றுவரை பேசுகிறார்கள். சம்மர்ஸ் தெளிந்து எழுந்துவிட்டார். ஆபத்தில்லை என்று நினைத்து ரயிலேறி ஊருக்குப் போனார். சில நாளில் இறந்தார். 25 வயது. பிளாட்ஸ் அதன்பின் வேகமாக வீசுவதையே விட்டுவிட்டார்.

128 ஆண்டுகள் கழித்து, 1998 பிப்ரவரி 20, டாக்கா. அபாஹனி அணிக்கும் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கும் லீக் ஆட்டம். இந்தியாவுக்காக 4 டெஸ்டும் 32 ஒருநாள் ஆட்டமும் ஆடிய ராமன் லாம்பா, அபாஹனிக்காக ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் வந்து நின்றார். பந்து வீசியவர் இடக்கை ஸ்பின்னர். ஓவரில் இன்னும் சில பந்துகள்தான் பாக்கி, ஹெல்மெட் எதற்கு என்று சொல்லிவிட்டார் என்பது உடன் ஆடியவர்கள் சொன்னது. மெஹ்ராப் ஹுசைன் ஓங்கி அடித்த பந்து லாம்பாவின் தலையில் பட்டு, விக்கெட் கீப்பரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. கேட்ச், அவுட். லாம்பா எழுந்து, நடந்தே உடைமாற்றும் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நிலைமை மோசமானது. மூளையிலிருந்து ரத்தக்கட்டியை எடுக்க அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்று நாளில் இறந்தார். 38 வயது.

சம்மர்ஸ் தெளிந்து எழுந்ததும் லாம்பா நடந்து போனதும் மருத்துவருக்கு நல்ல செய்தி ஆகாது. கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட கன்னப்பொறியில் மண்டையோடு சில மில்லிமீட்டர்தான். அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரியும்போது அது கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். மண்டையோட்டுக்குள் இருக்கும் இடம் மாறாதது. மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் சேர்ந்து அதை முழுசாக நிரப்பியிருக்கின்றன. புதிதாக ஒன்று நுழைந்தால் இன்னொன்று வெளியேற வேண்டும். முதலில் நீர் கீழே தண்டுவடத்துக்கு இறங்கி இடம் விடுகிறது, சிரை ரத்தம் இடம் விடுகிறது. அதுவரை ஆள் பேசுவார், நடப்பார், தலை வலிக்கிறது என்பார், அவ்வளவுதான். விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாத கட்டம் வந்ததும் அழுத்தம் திடீரென எகிறுகிறது. மூளையே கீழ்நோக்கி நசுங்க ஆரம்பிக்கிறது. தேங்கிய ரத்தம் 30 மில்லிலிட்டரைத் தாண்டினால், ஆள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மண்டையைத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்பது இன்றைய நரம்பியல் அறுவை மருத்துவர்களின் விதி. தலையில் அடிபட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்வதை நம்பக்கூடாது என்று பயிற்சியாளர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்வது இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான்.

நேரத்தில் மண்டையைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாரி கான்ட்ராக்டர் சாட்சி. 1962 மார்ச், பார்படாஸின் பிரிட்ஜ்டவுன். இந்திய அணித் தலைவர் கான்ட்ராக்டர் எதிர்கொண்டது சார்லி கிரிஃபித்தை. பந்து தலையில் பட்டு மண்டையோடு விரிந்தது. மூக்கிலும் காதிலும் ரத்தம். அன்றிரவே உள்ளூர் மருத்துவர்கள் அவசரமாக அறுவை செய்து அழுத்தத்தைக் குறைத்தார்கள், பிறகு டிரினிடாடிலிருந்து நரம்பியல் அறுவை நிபுணர் வந்தார். ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தவர்களில் வெஸ்ட் இண்டீஸ் அணித் தலைவர் ஃபிராங்க் வொரெலும் ஒருவர். வங்காளக் கிரிக்கெட் சங்கம் இன்றும் பிப்ரவரி 3ஐ வொரெல் பெயரில் ரத்ததான நாளாக நடத்துகிறது. கான்ட்ராக்டரின் மண்டையோட்டில் இருந்த பள்ளத்துக்கு உலோகத் தகடு வைத்து மூடியது வேலூரில். சிஎம்சி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி செய்த வேலை அது. அறுபது ஆண்டு அந்தத் தகடு கான்ட்ராக்டரின் தலையில் இருந்தது. 2022இல், 88 வயதில், தகட்டை மூடியிருந்த தோல் நைந்துபோனதால் எடுத்தார்கள்.

அந்தப் பந்தை ஏன் கோட்டைவிட்டார் என்பதற்குக் கான்ட்ராக்டர் பல பேட்டிகளில் ஒரே காரணத்தைச் சொன்னார். அந்த மைதானத்தில் சைட் ஸ்கிரீன் கிடையாது. கிரிஃபித் ஓடி வரும்போது பின்னால் பெவிலியனில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், கவனம் ஒரு கணம் அங்கே போய்விட்டது. தோற்றவர் சொல்லும் சாக்கு போலத் தோன்றலாம். அறிவியல் அவர் பக்கம் நிற்கிறது. 140 கிலோமீட்டர் பந்து கையிலிருந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. ஒன்றைப் பார்த்து உடல் வினையாற்றவே 0.2 விநாடி வேண்டும். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் தலையில் கண்ணசைவைப் படமெடுக்கும் கேமராவைப் பொருத்தி ஆடவைத்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பந்தின் மேல் கண்ணை வை என்று பயிற்சியாளர்கள் கத்துவதை எந்த நல்ல பேட்ஸ்மேனும் செய்வதில்லை. பந்து விடுபடும் கணத்தை உற்றுப் பார்க்கிறார்கள். உடனே கண் பந்தைக் கைவிட்டு, அது எங்கே தரையில் படும் என்று கணித்த இடத்துக்குத் தாவி, அங்கே பந்துக்காகக் காத்திருக்கிறது. ஆட்டத்தில் தேர்ந்தவருக்கு இந்தத் தாவல் சீக்கிரம் நடக்கிறது. ஆக முழுக் கணிப்பும் தொங்குவது விடுபடும் அந்த முதல் கணத்தில். அதை ஒரு ஜன்னல் தின்றுவிட்டால் மிச்சமுள்ள நேரத்தில் ஈடுகட்ட வழியே இல்லை.

ஹெல்மெட் வந்தது இதற்கெல்லாம் பதிலாக, ஆனால் ரொம்பத் தாமதமாக. 1977இல் மைக் பிரேர்லி தொப்பிக்குள் பிளாஸ்டிக் கவசம் வைத்தார். அதே ஆண்டு கெரி பேக்கரின் உலகத் தொடரில் டென்னிஸ் அமிஸ் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். டெஸ்டில் முதலில் ஹெல்மெட் அணிந்தவர் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப். 1978 மார்ச்சில், கான்ட்ராக்டர் விழுந்த அதே பிரிட்ஜ்டவுனில். பார்வையாளர்கள் கேலி செய்தார்கள். ஆண்மைக்குறைவு என்ற பேச்சு கொஞ்ச நாள் இருந்தது. விவ் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை தொப்பியோடு ஆடியதை நாம் வியக்கிறோம். அவர் தப்பியது அவருடைய கண்ணும் காலும் செய்த வேலை. அதைப் பார்த்துப் பழகிய ஆயிரம் பையன்களுக்கு அந்தக் கண் இல்லை என்பதை எந்த வர்ணனையாளரும் சேர்த்துச் சொன்னதாக நினைவில்லை.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காத்தது. ஆனால் முன்விளிம்புக்கும் கம்பிவலைக்கும் நடுவில் இருந்த சந்தில் பந்து புகுந்து முகத்தைச் சிதைத்தது. பேட்ஸ்மேன்கள் அடிபட்ட வீடியோக்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து இதை உறுதிப்படுத்திய பிறகு, 2013இல் பிரிட்டிஷ் தர விதியைத் திருத்தினார்கள். அதற்குப் பின் ஹெல்மெட்டை நோக்கி நிஜமான பந்தை எறிந்து, அது உள்ளே புகுந்து முகத்தைத் தொடுகிறதா என்று சோதிக்க வேண்டியதாயிற்று. சந்து சுருங்கியது. கழுத்து அப்படியே திறந்து கிடந்தது.

2014 நவம்பர் 25, சிட்னி கிரிக்கெட் மைதானம். தெற்கு ஆஸ்திரேலியாவின் இடக்கை பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் 63 ரன்னில் இருந்தார். இருபது வயதில் டர்பனில் ஒரே டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்தவர். அந்தச் சாதனையை அவரைவிடச் சிறிய வயதில் யாரும் செய்ததில்லை. ஷான் அபாட் பவுன்சர் போட்டார். ஹியூஸ் புல் ஆட முனைந்து, பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டார். உடம்பும் தலையும் மட்டையோடு சேர்ந்து திரும்பிவிட்டன. அதனால் இடக்கைக்காரரின் பின்பக்கமாக இருக்க வேண்டிய இடது கழுத்து பந்துக்கு நேரே வந்து நின்றது. ஹெல்மெட்டின் கீழ் விளிம்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால் பட்டது. முழங்காலில் கை ஊன்றி ஓரிரு விநாடி குனிந்து நின்றார். பிறகு முகங்குப்புற விழுந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதுகெலும்புத் தமனிகள் என்ற இரண்டு குழாய்கள் வழியாகப் போகிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டுக்கு ரத்தம் கொடுப்பது இவைதான். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து இவை மேலேறுகின்றன. உச்சியில் உள்ள எலும்பை அடைந்ததும் சட்டென்று வளைந்து, மூளையுறையைத் துளைத்துக்கொண்டு மண்டையோட்டுக்குள் புகுகின்றன. பிளம்பர் கிளாம்ப் அடித்து இறுக்கிய குழாயை நடுவில் முறுக்கினால் எங்கே பிளக்குமோ அங்கேதான் இதுவும் பிளக்கும்: ஆடமுடியாத இரண்டு முனைகளுக்கு இடையில். அடி விழுந்து கழுத்து வெடுக்கென்று திரும்பியபோது ஹியூஸின் தமனி கிழிந்தது. இதயம் அழுத்தி அனுப்பிய ரத்தம் மூளையைச் சுற்றிய வெளிக்குள் பாய்ந்தது. லாம்பாவுக்குக் கிடைத்த இடைவெளி இங்கே கிடையாது. செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 27ஆம் தேதி இறந்தார். மூன்று நாள் கழித்து அவருக்கு 26 வயது முடிந்திருக்கும்.

ஆஸ்திரேலிய அணி மருத்துவர் பீட்டர் பிரக்னர், இத்தகைய காயம் மருத்துவ ஏடுகளில் அதுவரை நூறு முறைதான் பதிவாகியிருக்கிறது என்றும், கிரிக்கெட் பந்தால் நேர்ந்ததாக ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றும் சொன்னார். ஹியூஸ் போட்டிருந்தது பழைய மாதிரி ஹெல்மெட். புதிய மாதிரி போட்டிருந்தாலும் அந்த இடம் மூடப்பட்டிருக்காது என்று பின்னால் நடந்த விசாரணைகள் சொல்லிவிட்டன. 2016இல் தீர்ப்பு எழுதிய மரண விசாரணை அதிகாரி மைக்கேல் பார்ன்ஸ் அபாட்டையோ வேறு யாரையுமோ குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆம்புலன்ஸை அழைப்பதிலேயே குழப்பமும் தாமதமும் இருந்ததைக் குறிப்பிட்டார். ஹியூஸை அது காப்பாற்றியிருக்காது. அடுத்த ஆளை அது கொல்லக்கூடும் என்பதால், மருத்துவ உதவியை அழைக்க நடுவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று பரிந்துரைத்தார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் தெரியும் ஒரு மைதானத்தில் இந்த நிலைமை என்றால், சாதாரண லீக் மைதானங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹியூஸ் இறந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்டில், லார்ட்ஸில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் 148 கிலோமீட்டர் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், ஏறக்குறைய ஹியூஸுக்குப் பட்ட இடத்திலேயே அடித்தது. ஸ்மித் விழுந்தார், எழுந்தார், திரும்பி வந்து 92 ரன்னில் அவுட் ஆனார். மறுநாள் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தெரிந்ததால் அவருக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் இறங்கினார். அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்த மாற்று வீரர் விதியில் டெஸ்ட் ஆடிய முதல் ஆள் அவர். வேகத்தையோ இடத்தையோ மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. தலை எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது, கழுத்து எவ்வளவு முறுகியது என்பதில் வித்தியாசம் இருந்திருக்கலாம். ஸ்மித் அன்று கழுத்துக் கவசம் போட்டிருக்கவில்லை. போட்டால் மூச்சடைப்பது போல இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். 2023 அக்டோபரிலிருந்து, வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது கழுத்துக் கவசம் கட்டாயம் என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியா விதித்தது. அதற்கு அவரும் உட்பட வேண்டியதாயிற்று.

விதி தொழில்முறை ஆட்டக்காரர்களைக் காக்கிறது. 2025 அக்டோபரில் மெல்போர்னில் வலைப் பயிற்சியில் ஆடிக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவன் கழுத்தில் அடிபட்டு இறந்தான். நீளக் கைப்பிடியில் பந்தைச் செருகி எறிவார்களே, சைடு ஆர்ம், அதிலிருந்து வந்த பந்து. ஹெல்மெட் இருந்தது, கழுத்துக் கவசம் இல்லை.

பந்தே படாமல் இதயம் நின்றுபோவதும் உண்டு. இங்கிலாந்துக்காக ஆடிய வில்ஃப் ஸ்லாக் 1989 ஜனவரியில் காம்பியாவில் பேட்டிங் செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார், 34 வயது. அதற்கு முன்பும் சில முறை மயங்கி விழுந்திருக்கிறார், சோதனைகளில் காரணம் பிடிபடவில்லை. 2016இல் ஜேம்ஸ் டெய்லருக்கு இதயத்தசை மெல்ல மெல்லக் கொழுப்பாகவும் நாராகவும் மாறும் மரபு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 26 வயதில் ஆட்டத்தை விட்டார், நெஞ்சுக்குள் அதிர்வுக் கருவியோடு வாழ்கிறார். இடையில் போன 27 ஆண்டில் இதயத்தைப் படமெடுக்கும் முறைகள் வளர்ந்திருந்தன.

நின்றுபோன இதயத்துக்கு, அது பந்தால் நின்றாலும் நோயால் நின்றாலும், முதல் சில நிமிட வைத்தியம் ஒன்றுதான். நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், மின்னதிர்ச்சி கொடுத்து நடுக்கத்தை நிறுத்த வேண்டும். மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி தானாகவே இதயத் துடிப்பைப் படித்து, அதிர்ச்சி தேவையா என்று தீர்மானித்து, என்ன செய்ய வேண்டும் என்று குரலில் சொல்கிறது. ஒரு அகாடமி தன் வலைகளுக்கும் பந்து எறியும் இயந்திரத்துக்கும் செய்யும் செலவைப் பார்த்தால், இதை வாங்காமல் இருப்பதற்குப் பணத்தைக் காரணம் சொல்ல முடியாது.

1975 பிப்ரவரி 25, ஆக்லாந்தின் ஈடன் பார்க். நியூசிலாந்தின் பதினோராவது பேட்ஸ்மேன் யூயன் சாட்ஃபீல்டுக்கு அது முதல் டெஸ்ட். கடைசி ஜோடி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பீட்டர் லீவர் எறிந்த பவுன்சர் சாட்ஃபீல்டின் கையுறையில் உரசிக் கன்னப்பொறியில் அடித்தது. அவர் விழுந்தார், நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைத்தது, இதயம் நின்றது. எதிரணியின் இயன்முறை மருத்துவர் பெர்னார்ட் தாமஸ் ஓடி வந்தார், உடன் ஒரு ஆம்புலன்ஸ்காரர். நாக்கை விலக்கி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தி இதயத்தைத் திரும்ப ஓடவைத்தார்கள். ஆளைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்த லீவர் ஆடுகளத்திலேயே மண்டியிட்டு அழுதார். மருத்துவமனைக்கு அவர் பார்க்கப் போனபோது சாட்ஃபீல்ட் அவருக்கு ஆறுதல் சொன்னார், தப்பு என்னுடையது என்று.

மண்டையோட்டில் மயிரிழை அளவு விரிசல், அவ்வளவுதான் மிச்சம். சாட்ஃபீல்ட் 43 டெஸ்ட் ஆடினார், ரிச்சர்ட் ஹாட்லியோடு சேர்ந்து பந்து வீசினார், அதன்பின் வெலிங்டன் வட்டாரத்தில் கிளப் ஆட்டங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 2019 ஜனவரியில், 68 வயதில், போதும் என்று முடிவு செய்தார். அன்று அவர் எடுத்த ரன் பூஜ்யம்.